லண்டன் போலீஸ் கையில ஏன் துப்பாக்கி இல்ல?

வணக்கம் சார். லண்டன்ல ரோந்து போற போலீஸ்காரங்க பெரும்பாலும் துப்பாக்கி வச்சுக்கிறதில்லையாமே. அந்த ஊர் ஜனங்க ஒழுக்கமானவங்க, அதான் காரணம்னு என் ஃப்ரெண்ட் சொல்றான். உண்மையா?

அன்புள்ள தம்பி,

உங்க ஃப்ரெண்ட் தலைகீழா சொல்றார். லண்டன் ஜனங்க போலீஸே வேணாம்னு நின்னவங்க. போலீஸ்னா பிரான்ஸ்ல நெப்போலியனோட போலீஸ் மந்திரி ஃபூஷே வச்சிருந்த மாதிரி வேவு பாக்குற கூட்டம்னு அவங்களுக்கு பயம், 1822ல பார்லிமென்ட் கமிட்டியே இது சுதந்திரத்துக்கு ஒத்துவராதுன்னு எழுதிடுச்சு. அதுக்கு மூணு வருஷம் முன்னாடிதான் மான்செஸ்டர்ல, பீட்டர்லூ படுகொலைன்னு சொல்ற சம்பவத்துல, ஓட்டுரிமை கேட்டு கூடின ஜனங்க நடுவுல குதிரைப்படை வாளோட புகுந்து பதினஞ்சு பேருக்கு மேல செத்துப்போனாங்க, அந்தக் கோபம் ஆறவே இல்ல. அதனாலதான் 1829ல உள்துறை மந்திரி ராபர்ட் பீல் போலீஸ் கொண்டுவந்தப்போ, பட்டாளத்தோட சிவப்பு கோட்டு ஞாபகம் வரக்கூடாதுன்னு நீல கோட்டு குடுத்தாங்க, துப்பாக்கி கிடையாது, தடியக்கூட கோட்டுக்குள்ள மறைச்சுதான் வச்சுக்கணும், ட்யூட்டி இல்லாதப்பவும் யூனிஃபார்ம்லதான் இருக்கணும், மஃப்டியில வந்து வேவு பாக்குறான்னு யாரும் சொல்லிடக் கூடாதில்லையா. அப்படியும் 1833ல ஒரு கூட்டத்த கலைக்கப் போன கான்ஸ்டபிள குத்திக் கொன்னுட்டாங்க, விசாரிச்ச ஜூரி அது நியாயமான கொலைன்னு தீர்ப்பு சொல்லுச்சு!

இதே பீல் அதுக்கு முன்னாடி 1812லேருந்து 1818 வரைக்கும், அப்போ பிரிட்டிஷ் ஆட்சியில இருந்த அயர்லாந்து நிர்வாகத்துல இருந்தார். அங்க யார் சம்மதத்தையும் கேக்கல. 1814ல அவர் கொண்டுவந்த சட்டப்படி, கலவரப் பகுதின்னு அறிவிச்சா அங்க தனிப் போலீஸ் போய் இறங்கும், செலவு அந்த ஊர் ஜனங்க தலையில. பின்னாடி வந்த ஐரிஷ் கான்ஸ்டபுலரி கையில துப்பாக்கி, தங்குறது பாரக்ஸ்ல, சொந்த மாவட்டத்துல போஸ்டிங் கிடையாது. லண்டன்காரன் கோபத்துக்கு அரசாங்கம் பயந்துச்சு, ஐரிஷ்காரன் கோபத்த அடக்கினா போதும்னு நெனச்சுச்சு, வித்தியாசம் அவ்வளவுதான் தம்பி, இத படிக்கிறப்பல்லாம் எனக்கு வயிறு எரியும்.

நமக்கு வந்து சேந்தது எது தெரியுமா? 1861 இந்திய போலீஸ் சட்டத்துக்கு முன்மாதிரி லண்டன் இல்ல, அயர்லாந்து. அந்த சட்டத்தோட 15வது பிரிவ எடுத்துப் பாருங்க, கலவரப் பகுதின்னு அறிவிச்ச இடத்துக்கு கூடுதல் போலீஸ் அனுப்பலாம், செலவ அங்க குடியிருக்கிறவங்ககிட்டயே வசூலிக்கலாம்னு அப்படியே இருக்கு.