சிறைத்துறையின் பேரை அடித்துவிட்டார்கள், தம்பியின் வழக்கு போய்விட்டதா?

கேள்வி: என் தம்பி அமெரிக்காவில் ஒரு மாநிலச் சிறையில் இருக்கிறான். சர்க்கரை நோயாளி. இன்சுலின் நேரத்துக்குக் கொடுக்காமல் புண் முற்றி, இடது பாதத்தில் பாதியை எடுத்துவிட்டார்கள். சிறைத்துறை, வார்டன், நர்ஸ் மூவர் மீதும் ஃபெடரல் கோர்ட்டில் கையாலேயே எழுதி வழக்குப் போட்டான். இப்போது சிறைத்துறையை மட்டும் நீக்கி உத்தரவு வந்திருக்கிறது. உடனே அப்பீல் போட 3,000 டாலர் கேட்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?

பதில்: ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள் அம்மா. வழக்கு போகவில்லை. வார்டனும் நர்ஸும் இன்னும் பிரதிவாதிகள்தான். வழக்கு உயிரோடு இருக்கும்போது நடுவில் வந்த இப்படியொரு உத்தரவை அப்பீலுக்குக் கொண்டுபோக முடியாது. போட்டால் தள்ளுபடிதான். அப்பீல் கட்டணம் 605 டாலர். ஏழைக் கைதி என்று சலுகை கொடுத்தாலும் அந்தக் கட்டணம் ரத்தாகாது, சிறைக் கணக்கிலிருந்து மாதாமாதம் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். அந்த ஆளிடம் வக்கீல் லைசென்ஸ் நம்பர் கேளுங்கள். வக்கீல் இல்லாதவர் உங்கள் தம்பிக்காகக் கையெழுத்துப் போட முடியாது. அக்கா நீங்களே ஆனாலும் முடியாது.

சிறைத்துறையை ஏன் நீக்கினார்கள்? சிறைத்துறை என்பது மாநில அரசேதான். ஒரு மாநிலத்தை அதன் சம்மதம் இல்லாமல் ஃபெடரல் கோர்ட்டுக்கு இழுக்க அரசியலமைப்பின் 11-வது திருத்தம் விடாது. அலபாமா சிறை வழக்கில் 1978-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. இத்தனை வருஷம் ஆகியும் கைதிகள் முதல் பிரதிவாதியாகத் துறையின் பேரையே எழுதுகிறார்கள், கோர்ட்டும் அதே இரண்டு பத்தியை எழுதி நீக்குகிறது. வழக்குப் போடும் படிவத்தில் பெரிய எழுத்தில் ஒரு எச்சரிக்கை அச்சடிக்க என்ன கேடு? படித்த வக்கீலுக்குத் தேவைப்படாத வரி அது. பென்சிலால் எழுதும் கைதிக்குத்தான் வேண்டும்.

சரி, இனி செய்ய வேண்டியது. கோர்ட் படிவத்தில் ஒவ்வொரு பிரதிவாதியின் பேருக்குக் கீழும் இரண்டு கட்டம் இருக்கும்: தனிப்பட்ட பொறுப்பு, பதவிப் பொறுப்பு. நஷ்டஈடு வேண்டுமென்றால் முதல் கட்டத்தில் டிக் இருந்தே ஆக வேண்டும். பதவிப் பொறுப்பில் மட்டும் போட்டால் அது மறுபடி மாநிலத்தின் மேல் போட்ட வழக்காகிவிடும், பணம் வராது. வார்டன் மேலதிகாரி என்பதற்காக மட்டும் அவர் மாட்ட மாட்டார். தம்பி சிறைக்குள் கொடுத்த புகார் மனு அவர் கைக்குப் போனதா, அவர் என்ன செய்தார் என்று தேதியோடு எழுத வேண்டும்.

உங்கள் கடிதத்தில் ஒன்று என் கண்ணில் பட்டது. தம்பிக்குப் பாதி பாதம் இல்லை. ஊனமுற்றோர் சட்டத்தின் கீழ் துறையின் மேலேயே வழக்குப் போடலாம், அங்கே மாநிலத்துக்கு 11-வது திருத்தம் தரும் பாதுகாப்பு அப்படியே செல்லாது. ஜார்ஜியா மாநிலச் சிறையில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த ஒரு கைதி, 12 அடிக்கு 3 அடி அறையில் நாளெல்லாம் அடைத்து வைத்திருக்கிறார்கள், சக்கர நாற்காலியைத் திருப்பவே இடமில்லை என்றார். நடந்தது அரசியலமைப்பையும் மீறியதாக இருந்தால் மாநிலத்திடமே பணம் கேட்கலாம் என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் ஏகமனதாகச் சொன்னது. ஆனால் கவனம்: 'வைத்தியம் சரியில்லை' என்பது இந்தச் சட்டத்துக்குள் வராது. ஊன்றுகோல் கொடுக்கவில்லை, பிடிமானம் இல்லாத குளியலறையில் விழுந்தான், நடக்க முடியாததால் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போக முடியவில்லை என்பதெல்லாம் வரும். அப்படி ஏதும் நடந்ததா என்று தம்பியிடம் கேளுங்கள். நடந்திருந்தால், அதற்குச் சிறைக்குள்ளேயே புகார் மனு கொடுத்து கடைசிப் படிவரை போனானா என்றும் கேளுங்கள். அதைச் செய்யாதவர்களின் வழக்கை, கைதிகள் போடும் வழக்குகளுக்கான 1996-ஆம் வருஷச் சட்டத்தைக் காட்டியே தள்ளிவிடுவார்கள்.

இதையெல்லாம் சேர்த்துத் திருத்திய மனு போட்டால் பழைய மனு செத்துவிடும். அதனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதச் சொல்லுங்கள். நர்ஸின் முழுப் பேர் தெரியாவிட்டால் மருத்துவப் பதிவேட்டின் நகலை இப்போதே கேட்கட்டும். டெக்சஸ் போன்ற மாநிலங்களில் வழக்குப் போட இரண்டே வருஷம்தான் கெடு. பேர் தெரியாத பிரதிவாதியைக் கெடு முடிந்தபின் சேர்ப்பது பெரும்பாடு.