மார்பு வீக்கத்துக்கும் விதைக்கும் என்ன சம்பந்தம்?

ஆணுக்கு மார்பு வீங்கினால் விதைப்பையை எதற்கு ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இதையே நானும் டாக்டரிடம் எரிச்சலோடு கேட்டவன்தான்.

அப்போது எனக்கு 36 வயது. இரண்டு காம்புகளுக்கு அடியிலும் காசு அளவுக்குக் கெட்டியாக இருந்தது, தொட்டால் வலித்தது. முதலில் பார்த்தவர் எடையைக் குறைக்கச் சொன்னார். என் எடையே 58 கிலோ! ஒன்றரை வருடம் தொளதொள சட்டையில் திரிந்தேன். அப்புறம் போன ஹார்மோன் டாக்டர், ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் (பெண்மை ஹார்மோன்) கூடுதல், எல்.எச். (விதையைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்) குறைவு என்றதும் ஸ்கேன் எழுதினார். இடது விதைக்குள் 9 மில்லிமீட்டர் கட்டி. தடவிப் பார்த்தால் தெரியவே தெரியாது.

அது லேடிக் செல் கட்டி. விதையில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண்மை ஹார்மோனைச் சுரப்பவை லேடிக் செல்கள். மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். அனுப்பினால்தான் அவை வேலை செய்யும். கட்டிக்கு அந்தக் கட்டளை தேவையில்லை, தன்பாட்டுக்குச் சுரக்கும். அதில் உள்ள அரோமட்டேஸ் என்சைம் டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்ற, மார்பு வளர்கிறது. ரத்தத்தில் ஹார்மோன் நிறைய இருப்பதால் பிட்யூட்டரி எல்.எச்.சைக் குறைத்துவிடும். நல்ல செல்கள் சும்மா கிடக்கும். ஆசையும் குறையும், விந்தணுவும் குறையும்.

சிறுவர்களுக்கு வந்தால் கதையே வேறு. கட்டி சுரக்கும் டெஸ்டோஸ்டிரோனால் 5 முதல் 10 வயதுக்குள் மீசை அரும்பும், குரல் உடையும், கிடுகிடுவென்று வளர்வான். வீட்டில் பெருமைப்படுவார்கள். ஆனால் எலும்பு முனைகள் சீக்கிரம் மூடிவிடுவதால் கடைசியில் குள்ளமாகத்தான் நிற்பான். சிறுவர்களுக்கு இது புற்றாக இருப்பதில்லை என்பது ஒரு ஆறுதல்.

பெரியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குப் புற்று. 5 சென்டிமீட்டருக்கு மேல் போனால் சந்தேகம் வலுக்கும். பரவிவிட்டால் கீமோவுக்கும் கதிர்வீச்சுக்கும் சுலபத்தில் மசியாது. இன்னொன்று, விதைப் புற்றுக்கு வழக்கமாக ரத்தத்தில் பார்க்கும் ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி. என்ற இரண்டு அளவுகளும் இதில் நார்மலாகவே இருக்கும். அந்த ரிப்போர்ட்டை நம்பி ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள்.

எனக்கு அடிவயிற்று மடிப்பில் கீறி, கட்டியை மட்டும் எடுத்தார்கள். விதைப்பையில் கத்தி வைக்கவில்லை. புற்று இல்லை. ஹார்மோன் சில மாதங்களில் சரியாகிவிட்டது, வலியும் போனது. மார்பின் கெட்டி மட்டும் முழுதாகக் கரையவில்லை. அத்தனை நாள் விட்டதில் திசு நாராக இறுகிவிட்டதாம்.