லைட் ஐஸ்கிறீமில் கலோரி பாதிதான் என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் இரண்டு மடங்கு சாப்பிடலாமா?

சாப்பிடலாம் என்று நம்பி நாலு மாதம் சாப்பிட்டவன் எழுதுகிறேன். நான் டொக்டரும் இல்லை, டயட்டீஷியனும் இல்லை. கொழும்புக் கோட்டையில் ஒரு கம்பனியில் கணக்குப் பார்க்கிறவன். ஊரார் கணக்கில் ஐந்து ரூபாய் இடித்தாலும் கண்டுபிடிக்கிற நான், என் கிண்ணத்துக் கணக்கில் கோட்டை விட்டேன். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் சுருக்கென்றது அதனால்தான்.

நீங்களும் என்னைப் போல ஒரு இரத்தப் பரிசோதனைக்குப் பிறகுதான் லைட் பெட்டியைத் தேடியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு இரத்தச் சீனியின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c 6.1 வந்தது. "சீனி வருத்தம் இன்னும் வரேல்ல, வாசல்ல நிக்குது" என்றார் டொக்டர். வெள்ளவத்தையில் இருந்துகொண்டு வாயைக் கட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். காலி வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போவதற்குள் எத்தனை ரோல்ஸ், எத்தனை வடை! அவற்றையெல்லாம் விட்டேன். ஐஸ்கிறீமை விட முடியவில்லை. நல்லூர்த் திருவிழாவுக்குப் போனால் சாமியை விட ஐஸ்கிறீமை முதலில் பார்க்கிற பிள்ளையாக வளர்ந்தவன் நான்.

சுப்பர்மார்க்கெட்டில் வழக்கமாக வாங்கும் ஒரு லீற்றர் பெட்டியில் 205 கலோரி என்று இருந்தது. பக்கத்தில் ஐரோப்பாவில் இருந்து வந்த அரை லீற்றர் லைட் பெட்டியில் 98. "சீனி சேர்க்கப்படவில்லை" என்று வேறு. விலை மூன்று மடங்கு. பாதிக்கும் குறைவு என்றால் இரண்டு கிண்ணம் என்று நீங்கள் போட்ட அதே கணக்கைத்தான் நானும் போட்டேன். நாலு மாதத்தில் நிறை ஒரு கிலோ கூடியது.

நான் பார்க்கத் தவறியது ஒரே ஒரு சொல். 205 என்பது 100 கிராமுக்கு. 98 என்பது 100 மில்லிலீற்றருக்கு.

தண்ணீர் என்றால் இரண்டும் ஒன்றுதான். ஐஸ்கிறீம் அப்படி இல்லை, அதில் காற்று இருக்கிறது. இதை நான் 2022இலேயே கண்ணால் பார்த்திருந்தேன். அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் கட் ஆனபோது, வீட்டில் இருந்த முழுப் பெட்டி உருகி, பிறகு இறுகியது. திறந்தால் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் இருந்தது. யாரோ திருடித் தின்றுவிட்டார்கள் என்று மகளைப் பேசினேன். பாவம், போனது காற்று. பெட்டியில் பாதி வரை காற்றடித்து விற்பது ஐஸ்கிறீம் வியாபாரத்தில் சாதாரணம். அடிக்காவிட்டால் கல்லாக இறுகும் என்பதும் உண்மைதான்.

ஒரு வழியாகச் சந்தேகம் வந்ததும் புறக்கோட்டையில் ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கி வந்தேன். "என்னப்பா, நகைக்கடை வைக்கப் போறீங்களோ?" என்றாள் மனைவி. லைட் பெட்டி 500 மில்லிலீற்றர், உள்ளே 300 கிராம். 100 மில்லிலீற்றரின் நிறை 60 கிராம். அந்த 60 கிராமில்தான் 98 கலோரி. 100 கிராமுக்கு மாற்றினால் 163. மற்றப் பெட்டி ஒரு லீற்றர், 550 கிராம். அதன் 100 மில்லிலீற்றர் 55 கிராம், அதாவது 113 கலோரி. அளவுக் கிண்ணத்துக்குக் கிண்ணம் பார்த்தால் 98க்கும் 113க்கும் 15 கலோரிதான் வித்தியாசம். நான் பாதி என்று நினைத்து இரண்டு கிண்ணம் சாப்பிட்டதில் 196 போனது. பழைய ஐஸ்கிறீமையே ஒரு கிண்ணம் சாப்பிட்டிருந்தால் 113இல் முடிந்திருக்கும்.

அந்த 98 எப்படி வந்தது என்பதையும் விடவில்லை. கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி. பால் கொழுப்போ தாவர எண்ணெயோ, வேறுபாடு இல்லை. புரதமும் மாப்பொருளும் கிராமுக்கு 4. அட்டவணையில் கொழுப்பு 4, புரதம் 3, மாப்பொருள் 15, நார் 3 கிராம் என்று இருந்தது. நாரையும் 4 என்றே வைத்து எல்லாவற்றையும் பெருக்கிக் கூட்டினால் 120 வருகிறது, 98 இல்லை. ஏமாற்று என்று துள்ளினேன். ஏமாற்று இல்லை. அந்த 15இல் 10 கிராம் மோல்ட்டிட்டோல். சீனிக்குப் பதிலாகப் போடுகிற, வாயில் இனிக்கிற சாமான். ஐரோப்பியச் சட்டப்படி அந்த வகைக்குக் கிராமுக்கு 2.4, நாருக்கு 2 என்றுதான் கணக்கு. அதே வகையில் எரித்ரிட்டோல் என்ற ஒன்றைப் போட்டிருந்தால் மட்டும் பூச்சியம். திருப்பிப் போட்டேன்: கொழுப்பு 36, புரதம் 12, மிச்ச மாப்பொருள் 5 கிராமுக்கு 20, மோல்ட்டிட்டோல் 24, நார் 6. சரியாக 98. பெட்டிக்காரன் பொய் சொல்லவில்லை, நான்தான் வாசிக்கவில்லை. ஆனால் மோல்ட்டிட்டோல் இரத்தத்தில் சீனியை ஏற்றவே ஏற்றாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குறைவாக ஏற்றும், ஆனால் ஏற்றும்.

வேறொன்றும் செய்யும். ஒரு வெள்ளிக்கிழமை இரவு கிரிக்கெட் பார்த்துக்கொண்டே முழுப் பெட்டியையும் முடித்தேன். 50 கிராம் மோல்ட்டிட்டோல். சனிக்கிழமை அரை நாள் வேலை, 100ஆம் இலக்க பஸ்ஸில் பம்பலப்பிட்டி தாண்டவில்லை... இதற்கு மேல் எழுத மாட்டேன். அதிகமாகச் சாப்பிட்டால் வயிறு இளகும் என்ற எச்சரிக்கை பெட்டியில் இருந்ததாம். அதை நான் ஏன் பார்க்கவில்லை என்றால், இறக்குமதி செய்தவர்கள் சரியாக அதன் மேலேதான் தங்கள் ஸ்டிக்கரை ஒட்டியிருந்தார்கள்.

அந்த ஸ்டிக்கரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். மூன்று மொழியிலும் இருந்தது, சந்தோஷம். தமிழில் என்ன இருந்தது தெரியுமா? "உறைந்த பாலைவனம்." சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிடும் இனிப்பான dessertக்கும் பாலைவனமான desertக்கும் வித்தியாசம் தெரியாத ஏதோ ஒரு இயந்திரத்திடம் கொடுத்து எடுத்திருக்கிறார்கள். 1987இல் இருந்து தமிழும் இந்த நாட்டின் ஆட்சி மொழி. அச்சடிக்கப் போகுமுன் ஒரு தமிழ்ப் பிள்ளையிடம் காட்ட ஐந்து நிமிடம் போகுமா? அதில் இருந்த நம்பருக்கு எடுத்தேன். சிங்களத்தில் மரியாதையாகக் கேட்டு, சொல்கிறோம் என்றார்கள். ஆறு மாதம் கழித்தும் பாலைவனம்தான். பஸ் பலகை முதல் மருந்துச் சீட்டு வரை இதே கதை. சரி, விடுங்கள்.

இனி யாராவது கீழே வந்து "ஐஸ்கிறீமையே விட்டால் முடிந்ததுதானே" என்று எழுதுவார்கள். அவர்கள் விடட்டும். லைட் எல்லாம் பொய் என்றும் நான் சொல்லவில்லை. எரித்ரிட்டோல் போட்டு, கொழுப்பையும் உண்மையாகவே குறைத்தவை இருக்கின்றன. உள்ளூர்ப் பெட்டிகளில் இருக்கும் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை வட்டங்களைப் பார்த்து வாங்குவேன் என்பவர்களுக்கு: அவை சீனி, உப்பு, கொழுப்புக்கு. கலோரிக்கு இல்லை.

இப்போது நான் பழைய ஐஸ்கிறீமையே 60 கிராம் நிறுத்துச் சாப்பிடுகிறேன். 123 கலோரி. அம்மாவுக்குத் தராசு பிடிக்கவில்லை. "தம்பி, சாப்பாட்டை நிறுத்துச் சாப்பிட்டால் தரித்திரம்" என்கிறார்.

உங்கள் பெட்டியில் கிராமா மில்லிலீற்றரா என்று முதலில் பாருங்கள். ஸ்டிக்கர் மறைத்தால் தலைமுடி காய வைக்கிற டிரையரைப் பிடியுங்கள், கழன்று வரும். ஐஸ்கிறீமை மட்டும் அதற்கு முன் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். நான் மாற்றவில்லை.