30 நாளில் பழைய வயிறு? சேரும் முன் ஒரு நிமிடம்

கேள்வி: சிசேரியன் முடிந்து 7 வாரம் ஆகிறது. தையல் ஆறிவிட்டது, வயிறுதான் இன்னும் தொங்குகிறது. '30 நாளில் பழைய வயிறு' என்று இணையத்தில் ஒரு யோகா வகுப்பு. குழந்தைக்கும் யோகா உண்டாம். சேரலாமா?

பதில்: யோகா செய்யலாம். அந்த வகுப்பு வேண்டாம்.

உங்களுக்கு ஆறியது வெளித்தோல். உள்ளே அடுக்கடுக்காகத் தைத்திருக்கிறார்கள், அது வலுப்பெற மாதங்கள் ஆகும். என்ன பிரசவம், எத்தனை வாரம் என்று அந்தப் பயிற்சியாளர் உங்களைக் கேட்டாரா? கேட்காமல் பணத்தை மட்டும் கேட்டால் அங்கேயே முடிந்தது விஷயம். இரண்டு நாள் பயிற்சியில் சான்றிதழ் வாங்கியவர்கள் முதல் நாளே கபாலபாதியும் (மூச்சை வேகவேகமாக வெளித்தள்ளுவது) நௌகாசனமும் (உடலையும் காலையும் படகுபோலத் தூக்குவது) செய்யச் சொல்வார்கள். இரண்டுமே வயிற்றுக்குள் அழுத்தத்தைக் கூட்டுபவை. இப்போது உங்களுக்கு ஆகாதவை.

வயிறு தொங்குவதற்குக் கொழுப்பு மட்டும் காரணம் இல்லை. கர்ப்பத்தில் வயிற்றின் நேர்த்தசைகள் இரண்டும் நடுவில் விலகுகின்றன. பலருக்கு முதல் 8 வாரத்தில் பெருமளவு தானாகவே ஒன்றுசேர்ந்துவிடும். சிலருக்குச் சேராது. நீங்கள் அந்தச் சிலரில் ஒருவரா என்று பாருங்கள். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, தொப்புளுக்குச் சற்று மேலே விரல்களைக் குறுக்காக வைத்து, தலையை மட்டும் மெல்லத் தூக்குங்கள். நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் பள்ளம் தெரிகிறதா? நடுவில் கூம்பு மாதிரி புடைக்கிறதா? அப்படியானால் கால் தூக்கும் ஆசனம் எதுவும் கூடாது. படுக்கையிலிருந்து எழுவதுகூட பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றித்தான். மூன்று மாதம் கழித்தும் புடைத்தால் யோகா ஆசிரியரிடம் போகாதீர்கள், பிசியோதெரபிஸ்டிடம் போங்கள்.

இப்போதைக்கு மூச்சு போதும். விலா விரிய இழுத்து, மெதுவாக விடும்போது சிறுநீரை அடக்குவதுபோல இடுப்படித் தசையை மேலே இழுங்கள், பிறகு முழுதாகத் தளர்த்துங்கள். ஒரு வேளைக்குப் பத்து முறை. பார்க்கச் சப்பென்று இருக்கும், விளம்பரத்துக்கு உதவாது. வலித்தாலோ, நின்ற உதிரப்போக்கு திரும்பினாலோ நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

குழந்தை யோகாவுக்குக் காசு எதற்கு? கால்களைப் பிடித்து சைக்கிள் மிதிப்பதுபோல மெல்ல அசைத்தால் வாயு பிரிய உதவும். விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருக்க, சற்று நேரம் குப்புறப் போடுங்கள், கழுத்து வலுப்படும். கையைப் பிடித்துத் தூக்குவது, ஆட்டுவது, தலைகீழாகப் பிடிப்பது எல்லாவற்றையும் வீடியோவில் பார்த்து ரசிப்பதோடு சரி. சிறு குழந்தைகளுக்கு முழங்கை மூட்டு எளிதில் விலகும்.

இன்னொன்று. ஆறாவது வாரப் பரிசோதனையில் குழந்தையின் எடை பார்ப்பார்கள், தடுப்பூசி பார்ப்பார்கள். தாய்க்கு இரண்டு நிமிடம், 'எல்லாம் நார்மல்', அடுத்த ஆள். இருமினால் சிறுநீர் கசிகிறதா என்று கேட்க யாருக்கும் நேரம் இல்லை. கசிந்தால் வெட்கப்படாமல் நீங்களே சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் மனம் இருண்டே கிடந்தால் அதையும் சொல்லுங்கள். அதற்கு மருத்துவம் இருக்கிறது, ஆசனம் போதாது.