வீட்டு வரி ரசீது

அன்புள்ள சார்,
எல் சால்வடார்ல கட்டின அந்த பெரிய ஜெயில் வீடியோ பார்த்தேன். ரவுடிங்களை மொத்தமா அள்ளி உள்ள போட்டதும் நாடே மாறிடுச்சாம். நம்ம ஊருக்கும் இப்படி ஒரு ஆள் வரணும் இல்லையா? இங்க ஜெயில்ல சிக்கன் போட்டு வளர்க்கறாங்க. உங்க கருத்து என்ன?
- க., திருப்பூர்

அன்புள்ள க.,

போன வாரம் ஒரு அம்மா ஒயர் கூடையோட ஜெயில் ஸ்டாப்ல இறங்கினதை பார்த்ததுல இருந்து எனக்கு இதே நினைப்புதான், அதான் உடனே எழுதறேன்.

அங்க கொலை குறைஞ்சது நிஜம், மறுக்கல. 2022 மார்ச்ல அவசரநிலை போட்டு, 60 லட்சம் சொச்சம் ஜனம் இருக்கற நாட்டுல 80 ஆயிரம் பேருக்கு மேல புடிச்சாங்க, அப்புறம் நிரபராதின்னு அவங்களே ஆயிரக்கணக்குல வெளிய விட்டாங்க. அந்த வீடுங்கள்ல அத்தனை நாள் உலை வச்சது யாரு? வீடியோல அது வராது. சிக்கனுக்கெல்லாம் நான் பதில் சொல்ல மாட்டேன், படிச்ச பிள்ளை, அதை எழுத எப்படி கை வந்துச்சு உங்களுக்கு?

ஆள் வரணும்ங்கறீங்க. 2022 கணக்குல நம்ம நாட்டு ஜெயில்கள்ல 5,73,220 பேர், அதுல 4,34,302 பேர் விசாரணைக் கைதிங்க. நாலுல மூணு பேருக்கு தீர்ப்பே வரல. இதுக்கு மேல யாரை அள்ளணும்?

நான் காலேஜ் படிக்கறப்போ எங்க தெருவுல ஒரு அக்கா இட்லிக்கடை வச்சிருந்தாங்க. மூத்த பையனை ஒரு அடிதடி கேஸ்ல ரிமாண்ட் பண்ணிட்டாங்க. ஜெயில்ல மனு எழுதிக் கொடுத்து அவனைப் பார்க்க போகணும், எழுதப் படிக்க தெரியாது, தம்பி கூட வாடான்னாங்க. விடிகாலை பஸ். தூக்குல பத்து இட்லி. சமைச்சது எல்லாம் உள்ள விட மாட்டோம்னு கேட்லயே சொல்லிட்டாங்க. மூணு மணி நேரம் வரிசை. உள்ள போனா ரெட்டை கம்பி வலை, நடுவுல கைக்கு எட்டாத இடைவெளி, இந்த பக்கம் இருபது பேர் அந்த பக்கம் இருபது பேர், எல்லாரும் ஒரே நேரத்துல கத்தறாங்க. அக்கா பஸ்ல வர்றப்போ என்னென்னமோ சொல்லணும்னு வச்சிருந்தாங்க, அங்க போய் "சாப்டியா சாப்டியா"ன்னு மட்டும் கத்திட்டு இருந்தாங்க. அவன் வலையில விரலை மாட்டிக்கிட்டு "ஜாமீன் என்னாச்சும்மா"ங்கறான். மணி அடிச்சுட்டாங்க. திரும்பி வர்றப்போ அந்த இட்லியை என் மடியில வச்சு, நீ தின்னுடா, கெட்டுப்போயிடும்னாங்க.

ஜாமீன் கிடைச்சிடுச்சு, க. இதை நல்லா கேட்டுக்குங்க. ஜட்ஜ் விட்டுட்டாரு. அதுக்கப்புறமும் அவன் 43 நாள் உள்ள இருந்தான், ஏன்னா ரெண்டு ஜாமீன்தாரர் வேணும், ஒருத்தர் ரத்த சொந்தமா இருக்கணும், வீட்டு வரி ரசீது வேணும். வாடகை வீட்டுக்காரிக்கு ரசீது எங்க இருந்து வரும்? சொந்த தம்பியே கையெழுத்து போட வரல. கோர்ட் வாசல்ல காசுக்கு ஜாமீன் நிக்கற ஆளுங்க கேட்ட தொகை அவங்க கடையோட ரெண்டு மாச வருமானம்.

1978லயே மோத்தி ராம்னு ஒரு கொத்தனார் வழக்கு. 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டாங்க, அண்ணன் தம்பி ஜாமீன் நின்னா சொத்து வேற மாவட்டத்துல இருக்குன்னு தள்ளிட்டாங்க. சுப்ரீம் கோர்ட் நீதிபதி கிருஷ்ணய்யர் அதை உடைச்சு, வேற ஆள் கையெழுத்து இல்லாம 1,000 ரூபாய் சொந்த ஜாமீன்ல விடச் சொன்னாரு. ஏழைக் கைதிக்கு ஜாமீன் பணம் 40,000 வரைக்கும் அரசாங்கமே கட்டற திட்டம் 2023ல வந்துச்சு. நடுவுல 45 வருஷம். இன்னிக்கும் எந்த கோர்ட் வாசல்ல வேணா போய் நில்லுங்க, ஒரு அக்கா ரசீதுக்கு அலைஞ்சிட்டு இருப்பாங்க. குற்றத்துக்கு உள்ள இருக்கான்னா சரி, ரசீது இல்லாததுக்கு உள்ள இருக்கறதை என்னன்னு சொல்வீங்க?

அவன் வெளிய வந்தப்போ கடை இல்ல. வாரம் ரெண்டு நாள் மூடின கடைக்கு யார் வருவா. தங்கச்சி பிளஸ் ஒன்ல நின்னுட்டா, மில்லு வேன்ல ஏறிப் போறதை பார்ப்பேன், தலையைக் குனிஞ்சுக்குவா.

எங்க அப்பாகிட்ட அந்த ரசீது இருந்துச்சு, க. பீரோவுல, மஞ்சப்பையில. நான் கேக்கல.