அப்பாவின் டயாலிசிஸ் நாளில் மட்டும் மகளுக்கு வயிற்றுவலி: நடிக்கிறாளா, உண்மையைச் சொல்லலாமா?

சொல்லிவிடுங்கள், இந்த வாரமே. எட்டு வயதுக்குத் தாங்காது என்று "அப்பா ஆபீஸ் போயிருக்கார்" என்கிறீர்கள். கையில் பிளாஸ்திரியோடு சோர்ந்து திரும்புபவரை அவள் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாள்?

நடிப்பு இல்லை. திங்கள், புதன், வெள்ளி காலையில் மட்டும் வலி என்றால், தான் பள்ளியில் இருக்கும்போது அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயமாகத்தான் பெரும்பாலும் இருக்கும். வலி நிஜம்.

இப்படிச் சொல்லுங்கள்: "அப்பாவோட கிட்னி ரத்தத்தைச் சுத்தம் பண்றதில்ல. மெஷின் நாலு மணி நேரம் அந்த வேலையைச் செய்யுது. இது உன்னால வந்ததில்ல. உனக்கு ஒட்டாது." 'உன்னால வந்ததில்ல' என்பதை விட்டுவிடாதீர்கள், தான் அடம்பிடித்ததால்தான் என்று இந்த வயதில் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்வார்கள். "அப்பா செத்துடுவாரா?" என்று கேட்டால் சத்தியம் செய்ய வேண்டாம். "டாக்டருங்க பாத்துக்கறாங்க, ஏதாவது மாறினா உன்கிட்ட மறைக்க மாட்டேன்" என்பது போதும்.

காலண்டரில் டயாலிசிஸ் நாட்களை அவளே வட்டமிட்டு, அன்று பள்ளியிலிருந்து யார் கூட்டி வருவார் என்றும் எழுதட்டும். வலி வந்த நாட்களை நீங்கள் இரண்டு வாரம் குறித்துப் பாருங்கள். வகுப்பு டீச்சருக்கும் தெரியட்டும்.

மற்ற நாட்களிலும் வலி, தூக்கத்தில் எழுப்பும் வலி, காய்ச்சல், எடை குறைதல் இருந்தால் முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையும் இருக்கிறது. பேச்சு குறைந்து தூக்கமும் கெட்டால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை.