காரைக்குடி வீட்டில் செலரி விதை முளைக்குமா?

"காரைக்குடி வெயிலில் இரண்டு தடவை செலரி விதை போட்டும் முளைக்கவில்லை, ஏன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். சூடுதான் காரணமாக இருக்கும். செலரி, தண்டுக்காகவும் இலைக்காகவும் வளர்க்கும் கீரை வகை; குளிர்ந்த பருவத்துப் பயிர். மண் 30 பாகை செல்சியஸைத் தாண்டினால் விதை அப்படியே உறங்கிவிடும். ஐப்பசி மழை இறங்கிய பிறகு போடுங்கள்.

விதை ஓமத்தை விடப் பொடிசு, வாசனையிலும் அதன் பங்காளிதான். ஓர் இரவு ஊறவைத்து, ஈரமான தேங்காய் நார்த்தூள் மேல் தூவி, விரலால் லேசாக அழுத்தினால் போதும். மண் போட்டு மூடவே மூடாதீர்கள். வெளிச்சம் பட்டால்தான் இது நன்றாக முளைக்கும். 2, 3 வாரம் ஆகும், பொறுமை வேண்டும். முளை மயிரிழை போல இருக்கும். பூவாளி வேண்டாம், தண்ணீரைத் தெளிப்பானில் பனிபோல அடியுங்கள்.

முற்றத்தில் காலை வெயில் மட்டும் விழும் ஓரம் தோதான இடம். ஐந்தாறு இலை வந்ததும் தொட்டிக்கு மாற்றுங்கள். நம் செம்மண் சீக்கிரம் காய்ந்துவிடும், அதனால் மட்கிய சாணி உரத்தைத் தாராளமாகக் கலக்க வேண்டும். ஈரம் குறைந்தால் தண்டு நாராகி, கசக்கவும் செய்யும். மாசியில் வெளித்தண்டுகளை மட்டும் ஒடித்துக்கொள்ளலாம். கடைத் தண்டின் பருமன் வராது, மணம் தூக்கலாக இருக்கும்.